யாரு நாய் இது?

செவ்வாய்க்கிழமை மத்தியானம் நாலாம் நம்பர் தேயிலை மலையில் ஷிராணி சொன்ன ஒரு பொய், சாயங்காலத் தேத்தண்ணி கொதிப்பதற்குள் மூன்று லயத்து வீடுகளையும் சுற்றி வந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஷிராணியின் தம்பி ஜெனுஷன் கத்தாருக்கு வேலைக்குப் போகும்போது அக்காவிடம் விட்டுப்போன நாய் சுட்டி. நெற்றியில் வெள்ளைத் திட்டு. எது அசைந்தாலும் அதன் பின்னால் ஓடுகிற புத்தி. அன்றைக்குச் சங்கிலி எப்படியோ கழன்று, கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவே பாய்ந்துவிட்டது. நாகலெட்சுமி உடுப்பு நனையாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டியிருந்த படங்குத் துணியைப் பல்லால் பிடித்து இழுத்தது. மழையில் நனைந்த மண். அவள் கூடையோடு சறுக்கி, மழைத்தண்ணி ஓடுகிற கானுக்குள் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துபோனது.

பள்ளிக்கூடம் விட்டு ஷிராணி அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தாள். நாயைக் கூப்பிட வாயெடுத்தவள், கூட்டத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தோட்டத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த ஃபீல்ட் ஒபிசர் யோகேஸ்வரன் ஓடிவந்து கேட்டார். "யாரு நாய் இது?"

"தெரியலீங்க ஐயா," என்றாள் ஷிராணி. "லயத்துப் பக்கம் சும்மா சுத்திக்கிட்டு இருக்கும்."

சொல்லி வாய் மூடவில்லை. சுட்டி படங்கை விட்டுவிட்டு ஓடிவந்து அவள் செருப்பின்மேல் உட்கார்ந்து வாலை ஆட்டியது. ஷிராணி குடை நுனியால் அதைத் தள்ளினாள்.

கொழுந்துக்காரப் பெண்கள் அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. அவர்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள் அவள்.

"ஆளில்லாத நாய்னா இங்க வச்சிருக்க முடியாது. திங்கக்கிழமை பிடிச்சு லொறியில ஏத்திருவோம்," என்றார் யோகேஸ்வரன்.

மறுநாள் வகுப்பில், கரும்பலகைப் பக்கம் அவள் திரும்பியதும் பின்வரிசையில் யாரோ மெதுவாகக் குரைத்தார்கள். திரும்பிப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். யார் என்று அவள் கேட்கவில்லை.

இன்றைக்குச் சனிக்கிழமை.

* * *

"என்னா செய்ற காலங்காத்தால?"

அப்பா அலோசியஸ் பிளேன்டீக் கோப்பையோடு அடுப்படி வாசலில் நின்றார். தோட்டத்து ஃபெக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்குக் கோவிலில் வாசகம் வாசிக்கிறவர். அந்த நாளில் அவர் சட்டையில் ஒரு சுருக்கம் காண முடியாது.

"கூப்பிட்டா வரப் பழக்குறேன்ப்பா."

"நாயையா?"

"நாளைக்குள்ள சொல்பேச்சு கேட்டுருச்சுன்னா, ஐயாகிட்டப் போயி எங்க நாய்தான், இனிமே ஒரு தொந்தரவும் வராதுன்னு சொல்லிரலாம். தைரியமாச் சொல்லிரலாம்."

"கேக்கலேன்னா?"

ஷிராணி பிஸ்கட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்," என்றார் அப்பா. "ஒரு டீச்சர் பொய் சொன்னாங்கன்னு தோட்டம் பூரா பேசணுமா? நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கோவில்ல ஏறி நிக்கிறது? நாயி போனாப் போகுது."

"ஜெனுஷனுக்கு என்னாப்பா சொல்றது?"

மகன் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மிச்சத் தேத்தண்ணியைக் கானில் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

லயங்களுக்கு மேலே புதிதாகக் கட்டிக்கொடுத்த தனி வீடுகளில் ஒன்று அவர்களுடையது. அந்த வீட்டுக்குள் சுட்டி தங்கமான நாய். மாரி பிஸ்கட்டைக் காட்டி "சுட்டி, வா" என்றால் வரும். "உக்காரு" என்றால் உட்காரும். வாசலைத் தாண்டினால் அது வேறு நாய். சேவல் கூவினால் அங்கே. கீழ் ரோட்டில் கொழுந்து லொறி கியர் மாற்றினால் இங்கே. ஷிராணி பிஸ்கட்டை அதன் மூக்குக்கு நேராகவே நீட்டினாள். அது தலையைச் சாய்த்து, பிஸ்கட்டுக்கு அந்தப் பக்கம் எதையோ எட்டிப் பார்த்தது.

ஹட்டன் டவுனில் வாங்கிவந்த சொசேஜஸ் இருந்தது. அவித்துத் துண்டு போட்டாள். வாசனைக்குச் சுட்டி வந்தது. வாங்கித் தின்றது. தின்றதும் போய்விட்டது. திரும்பக் கூப்பிட்டால் காது மட்டும் திரும்பியது, கால் திரும்பவில்லை.

"சுட்டி! இங்க வா! வான்னா வரணும்!"

வகுப்பில் போடுகிற அதட்டல் அது. கேட்டதும் சுட்டி காதைப் பின்னால் மடித்து வயிறு மண்ணில் படப் படுத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு ராக்காயி துணி அலசுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரிக் குனிந்துகொண்டாள். அதுதான் ஷிராணிக்கு அதிகம் சுட்டது. இந்த நாலு நாளாக எல்லாரும் அவளை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

அவள் சங்கிலியைக் கையில் எடுத்துக்கொண்டு நாயை நோக்கிப் போனாள். சுட்டி நகர்ந்தது. இன்னும் ஓரடி வைத்தாள். அது இன்னும் நகர்ந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தம்பி போன நாளிலிருந்து இந்த நாயை அவள் எதற்கெல்லாம் கூப்பிட்டிருக்கிறாள்? கட்டிப்போட. குளிப்பாட்ட. திட்ட. வெளியே நல்லதெல்லாம் இருக்கிறது. கூப்பிடுகிறவள் கையில் சங்கிலி இருக்கிறது. எந்த நாய் வரும்?

சங்கிலியைப் படியில் வைத்தாள். சொசேஜஸ் துண்டோடு போய்க் குந்தினாள். குரலை இறக்கிக் கூப்பிட்டாள். வந்ததும் தந்தாள். தந்ததும் "போ" என்று விட்டுவிட்டாள். சுட்டிக்கு நம்பிக்கை வரவில்லை. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டாள், மறுபடி வந்தது. வாசலில் அதற்குச் சங்கிலிப் பயம் கொஞ்சம் விட்டது.

ஆனால் வாசல் எல்லையைத் தாண்டியதும் சொசேஜஸும் தோற்றது. சரிவின் விளிம்பில் போய் உட்கார்ந்து, கீழே லயத்தையே பார்த்தது. வால் மட்டும் மண்ணைப் பெருக்கிக்கொண்டிருந்தது. அப்படி எதைத்தான் பார்க்கிறது என்று ஷிராணி அதன் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

கீழே நாகலெட்சுமி வீட்டுக் கொடியில் அவளுடைய படங்கு காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

வேலைக்குப் போகிறவர்களின் படங்கு சனிக்கிழமை காலையில் கொடியில் தொங்காது.

* * *

கையில் ஹோர்லிக்ஸும் தோடம்பழமும் போட்ட பையோடு ஷிராணி லயத்துக்கு இறங்கினாள். நாலு நாளாக இறங்காத வழி. இந்த லயத்தில்தான் அவள் பிறந்தாள். செத்துப்போன அவள் அம்மாவும் நாகலெட்சுமியும் ஒரே நிரையில் நின்று கொழுந்து எடுத்தவர்கள்.

நாகலெட்சுமி வீட்டு முன்பக்க இஸ்தோப்பில் உட்கார்ந்து இடது கையால் அரிசி புடைக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை வெள்ளைக் கட்டோடு மடியில் கிடந்தது. பாதி அரிசி தரையில் சிந்திக் கிடந்தது.

"குடுங்கக்கா, நான் புடைக்கிறேன்."

"வேணாங்க டீச்சர். ஒங்களுக்கு எதுக்குக் கஷ்டம்?"

போன வாரம் வரைக்கும் அவளுக்கு ஷிராணி 'பாப்பா'தான்.

ஷிராணி பையை நீட்டினாள். நாகலெட்சுமி அதைத் தொடவில்லை.

"யாரு குடுத்துவிட்டது இத? ஆளில்லாத நாயி குடுத்துவிட்டுச்சா?"

ஷிராணி நீட்டிய கையை இறக்கவில்லை. பை கையில் கனத்தது. பக்கத்து வீட்டுக் காம்பராவில் ரேடியோச் சத்தம் திடீரென்று குறைந்ததை அவள் கவனித்தாள்.

"அது என் நாய்தாங்கக்கா."

"எனக்குத் தெரியாதா?"

"அக்கா, நான் அன்னிக்கு..."

"நாயி இழுக்கும். மாடு முட்டும். கான் இருந்தா மனுசி விழத்தான் செய்வா. இருவது வருசமா மலையில நிக்கிறேன், விழாதவளா நானு?" நாகலெட்சுமி முறத்தைக் கீழே வைத்தாள். "நான் கானுக்குள்ள கெடந்து பாக்குறேன். நீ மேல நிக்கிற. எந்தப் பக்கமா எறங்கி வந்து என்னயத் தூக்கப் போறன்னு பாக்குறேன். நீ என்னா செஞ்ச? கொடையால நாயத் தள்ளிக்கிட்டு நின்ன."

ஷிராணியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பொய் சொன்னதை மட்டும்தான் இந்த நாலு நாளும் நினைத்துப் புழுங்கியிருந்தாள். கானுக்குள் கிடந்தவளை அவள் தூக்கவில்லை என்பது இப்போதுதான் அவளுக்கே தெரிகிறது. ராக்காயிதான் கூடையைக் கழற்றினாள். வேறு யாரோதான் தோளில் தாங்கி ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த நேரம் தான் எங்கே நின்றோம் என்றுகூட அவளுக்குச் சரியாக ஞாபகமில்லை.

"ஐயாகிட்டச் சொல்லிர்றேங்கக்கா. இன்னைக்கே சொல்லிர்றேன்."

"சொல்லு, சொல்லாமப் போ. என் கை கூடப்போறது கூடுற நாளுலதான்."

 கொடியில் படங்கு அடித்துக்கொண்டது. கேட்க வந்ததைக் கேட்பதற்கு இதைவிடக் கேவலமான நேரம் இருக்க முடியாது என்று ஷிராணிக்குத் தெரிந்தது. ஆனாலும் கேட்டாள்.

"அந்தப் படங்க எனக்குத் தருவீங்களாக்கா? சுட்டிக்கு அதுதான் வேணும். பிஸ்கட்டும் எறச்சியும் அதுக்கு ஒன்னுமில்ல. ஒங்களக் கடிக்க வரல அது. இந்தத் துணியப் பிடிச்சு இழுத்து வெளையாடத்தான் வந்திருக்கு. கூப்பிட்டா வந்தா இது கெடைக்கும்னு காட்டுனா, வரும்னு நெனைக்கிறேன்."

நாகலெட்சுமி அவளையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். நல்ல சிரிப்பில்லை அது.

"என்னய விழுத்தாட்டுன துணிய அதுக்குப் பரிசாக் குடுக்கப் போற?"

"ஆமாங்கக்கா," என்றாள் ஷிராணி. 

"எடுத்துக்கிட்டுப் போ. கை கூடுற வரைக்கும் எனக்கெதுக்கு?" எழுந்து உள்ளே போகத் திரும்பியவள் நின்றாள். "மன்னிச்சிட்டேன்னு நெனச்சிறாத. படங்கத்தான் குடுத்தேன். அந்தப் பைய எடுத்துக்கிட்டுப் போ."

* * *

படங்கைக் கண்டதும் சுட்டியின் உடம்பு முழுக்க நடுங்கியது.

ஷிராணி அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்தாள். "சுட்டி, வா!" அது கால் தரையில் படாமல் வந்தது. ஒரு முனையைக் கொடுத்தாள். அது பல்லால் பிடித்துத் தலையை உதறி உறுமி இழுத்தது. அவளும் இழுத்தாள். பிறகு அசையாமல் நின்றாள். இழுபடாத துணி சுட்டிக்குச் சலித்துப்போனது, வாயைத் திறந்தது. திறந்ததும் மறுபடி ஆட்டிக் கொடுத்தாள்.

முதலில் வாசலில். பிறகு சரிவின் விளிம்பில். பிறகு தேயிலைச் செடிகளுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையில், நீளமான கயிற்றில் கட்டி. சேவல் கூவியது; சுட்டி திரும்பியது. "சுட்டி!" அதட்டல் இல்லாத குரல். அது சேவலைப் பார்த்தது, அவளைப் பார்த்தது, வந்தது. கீழ் ரோட்டில் லொறி போனபோது வரவில்லை. அப்போது ஷிராணி கத்தவில்லை. வீட்டுப் பக்கம் கொஞ்சம் நெருங்கி வந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

ஒருதரம் இழுத்த இழுப்பில் அவள் குண்டியடித்து விழுந்தாள். சுட்டி படங்கோடு அவள் மடியில் ஏறி நின்று முகத்தை நக்கியது. ஷிராணி வாய்விட்டுச் சிரித்தாள்.

சிரித்த வாய் அப்படியே நின்றது. கையில் இருந்தது நாகலெட்சுமியின் படங்கு. இடுப்புப் பக்கம் கொழுந்துக் கறை. ஓரத்தில் சுட்டியின் பல் பதிந்த கிழிசல். இந்தக் கிழிசல் புதிதா, செவ்வாய்க்கிழமையுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

நாளை வரைக்கும் பொறுக்கக்கூடாது என்று எழுந்தாள். நாய் முழுசாகப் பழகிய பிறகு சொல்லலாம் என்பது தைரியத்துக்காக இல்லை, தலை குனியாமல் தப்பிப்பதற்காகத்தான். சுட்டியை வாசல் தூணில் கட்டி, படங்கை மடித்து இஸ்தோப்பில் வைத்தாள். குளித்து, நல்ல சாரி உடுத்தி, ஒபிசர் குவார்ட்டர்ஸுக்கு ஏறினாள்.

வழியெல்லாம் வார்த்தையைச் சரிபார்த்தாள். 'ஐயா, அன்னைக்கு ஒரு தவறு நடந்துருச்சு.' வேண்டாம். அது தானாக நடக்கவில்லை. 'ஐயா, நான் பொய் சொன்னேன்.' இது சரி. இதைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

கதவைத் திறந்தவள் யோகேஸ்வரனின் மனைவி.

"அவரு ஸ்டேசனுக்குப் போயிருக்காருங்க டீச்சர். தங்கச்சிய நானுஓயாவுக்குக் கோச்சியில ஏத்திவிட. ஏதாச்சும் சொல்லணுமா?"

"இல்லீங்க. பொறகு வாறேன்."

திரும்பி நடக்கும்போது நெஞ்சு லேசானது. அப்பாடா என்றுகூட இருந்தது. அப்படி இருந்ததை உணர்ந்ததும், முன்னைவிட அதிகமாகக் கூசிப்போனாள்.

* * *

வீட்டு வாசலில் தூண் மட்டும் நின்றது.

"அப்பா! அப்பா!"

 ராக்காயி வேலியோரம் வந்தாள். முதலில் தயங்கினாள்.

"அப்பா நாயப் பிடிச்சிக்கிட்டு த்ரீவீல்ல போனாருங்க டீச்சர். றொசல்ல ஸ்டேசனுக்குன்னு சொன்னாரு. பட்டிப்பொலப் பக்கம் கொண்டுபோயி விட்டுட்டு வர்றேன், மகள்கிட்டச் சொல்லாதன்னாரு. எனக்கு மனசு கேக்கல."

ஷிராணி மடித்து வைத்த படங்கை எடுத்துக்கொண்டு ஓடினாள். ரோட்டால் போனால் சுற்று. தேயிலைக்கு நடுவே குறுக்குப்பாதை ஸ்டேசனுக்கே இறங்கும். சாரி செடிகளில் மாட்டிக் கிழிந்தது. ஒரு செருப்பு கழன்று போனது. இன்னொன்றை அவளே கழற்றி எறிந்தாள். பட்டிப்பொலயில் விட்டால் அவ்வளவுதான். குளிரும் காடும். கூப்பிட்டால் வராத ஒரு நாயை அங்கே யார் தேடிக் கண்டுபிடிப்பது?

ஸ்டேசன் கண்ணுக்குத் தெரிந்தபோது ஆட்கள் கத்துவது கேட்டது.

பிளாட்ஃபோர்மில் அப்பா நின்றார். கையில் சங்கிலி, சங்கிலி முனையில் வெறும் கழுத்துப்பட்டி. சுட்டி தலையை உருவிக்கொண்டு தண்டவாளத்தில் குதித்திருந்தது. யாரோ எறிந்த பாண் ரொட்டித் துண்டை ஒரு காகம் கொத்திக்கொண்டிருந்தது. சுட்டி நெருங்கினால் காகம் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்தது. சுட்டி மறுபடி பாய்ந்தது.

"சுட்டி! ஏய் சுட்டி!" அப்பாவின் குரல் உடைந்து கேட்டது. அவர் குனிந்து தண்டவாளத்தில் இறங்கப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர் அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். யோகேஸ்வரன்.

"பல்லா அல்லன்ன! கோச்சிய எனவா!" என்று, நாயைப் பிடிக்கச் சொல்லி, ரயில்வே ஊழியர் ஒருவர் சிங்களத்தில் கத்தினார். அவர் கை காட்டிய பக்கம், வளைவுக்கு அப்பால், கோச்சி ஊதியது.

ஆட்கள் 'சூ சூ' என்று விரட்டினார்கள். ஒருவர் கல்லை எடுத்தார். சுட்டிக்கு அது எல்லாமே விளையாட்டு.

ஷிராணி பிளாட்ஃபோர்மின் முனையில் வந்து முட்டி போட்டாள். மூச்சு வாங்கியது. ஓவென்று கத்த வந்ததை விழுங்கிக்கொண்டாள். கத்தினால் அது படுத்துவிடும். தண்டவாளத்திலேயே படுத்துவிடும்.

"சுட்டி," என்றாள். காலையில் பாதையில் கூப்பிட்ட அதே குரலில். "சுட்டி, வா!"

காது திரும்பியது. காகம் பறந்தது. சுட்டி காகத்தைப் பார்த்தது. ஷிராணியைப் பார்த்தது. அவள் படங்கை உதறி ஒருதரம் ஆட்டினாள். வளைவில் எஞ்சின் முகம் தெரிந்தது.

சுட்டி ஓடிவந்தது.

தண்டவாளத்தைத் தாண்டி, பிளாட்ஃபோர்ம் முனைச் சரிவில் ஏறி, நேராகப் படங்கில் பாய்ந்து பிடித்தது. ஷிராணி இரண்டு கையாலும் இழுத்தாள். கோச்சி பக்கத்தில் உறுமிக்கொண்டு வந்து நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டு இழுத்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டதும் வந்ததற்கான விலையை இப்போது கொடுக்காவிட்டால் இனி எப்போதும் இது வராது. வெறுங்காலோடு, கிழிந்த சாரியோடு, ஒரு டீச்சர் பிளாட்ஃபோர்மில் முட்டி போட்டு நாயோடு துணி இழுப்பதை ஜன்னலுக்கு ஜன்னல் தலை நீட்டிப் பார்த்தார்கள். யாரோ கைதட்டினார்கள். யாரோ சிரித்தார்கள்.

யோகேஸ்வரன் அவள் முன்னால் வந்து நின்றார்.

"டீச்சர்," என்றார். "இது அந்த ஆளில்லாத நாய்தானே?"

குத்தலாகக் கேட்டாரா, குழம்பிப்போய்க் கேட்டாரா என்று தெரியவில்லை. ஷிராணி எழுந்து நின்றாள். வழியில் சரிபார்த்த வார்த்தை ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"எங்க வீட்டு நாய்ங்க ஐயா. அன்னைக்கும் எங்க வீட்டு நாய்தான். நான் பொய் சொன்னேன். நாகலெட்சுமி அக்கா கானுக்குள்ள கெடந்தாங்க, நான் தூக்கக்கூடப் போகல. மானம் போயிரும்னு பயந்து நின்னேன்."

சுற்றி நின்றவர்களில் பாதிப்பேர் தோட்டத்து ஆட்கள். அவள் வகுப்புப் பிள்ளையின் தாய் ஒருத்தியும் மரக்கறிப் பையோடு நின்றாள். ஷிராணி அவளைப் பார்த்தாள். அவள் இந்தத் தடவை கண்ணை விலக்கிக்கொள்ளவில்லை.

யோகேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "லொறி வராது. ஆனா திங்கக்கிழமை ஒபீசுக்கு வாங்க டீச்சர். அந்த அம்மாவும் இருப்பாங்க. அவங்க முன்னாலயும் இதயே சொல்லணும்."

"சொல்றேங்க."

சொல்லி முடித்தால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். இறங்கவில்லை. மூச்சு மட்டும் கொஞ்சம் ஒழுங்காக வந்தது.

அப்பா இன்னும் அதே இடத்தில் சங்கிலியோடு நின்றார். சட்டைப் பையில் பட்டிப்பொல டிக்கெட் எட்டிப் பார்த்தது. ஷிராணிக்குக் கோபம் பொங்கி வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிப்போனது. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். நாலு நாளாகக் கண்ணாடியில் பார்த்த முகம்.

"வாங்கப்பா, வீட்டுக்குப் போவோம்."

"நீ எல்லாத்தையும் உம்மேல போட்டுக்கிட்ட," என்றார் அவர்.  "அன்னைக்கு அந்தச் சங்கிலி தானாக் கழரல பாப்பா. நான்தான் அவுத்துவிட்டேன். எங்கயாச்சும் ஓடித் தொலையட்டும்னு அவுத்துவிட்டேன். நாகலெட்சுமி விழுந்தது என்னால."

ஷிராணிக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. "ஏம்ப்பா?"

கார்ட் பச்சைக்கொடி காட்டினார். அப்பா சங்கிலியை அவள் கையில் திணித்தார். என்ன செய்யப்போகிறார் என்று அவள் நினைப்பதற்குள், எதிரே நின்ற பெட்டியின் படியில் கால் வைத்து ஏறிவிட்டார்.

"அப்பா! எங்க போறீங்க? எறங்குங்கப்பா!"

கோச்சி நகர்ந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் அவர் வெள்ளைத் தலை மறைந்தது. ஒரு கையில் நாய், ஒரு கையில் சங்கிலி. ஷிராணியால் பெட்டியோடு ஓடவும் முடியவில்லை.

* * *

ஸ்டேசன் வாங்கில் உட்கார்ந்து அவள் அப்பாவுக்குப் போன் எடுத்தாள். அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப எடுத்தாள். அதற்குப் பிறகும் எடுத்தாள். கோச்சி ஹட்டனைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் எடுத்தார். சக்கரச் சத்தமும் அவர் மூச்சும் மட்டும் கேட்டது.

"அப்பா, கோபமில்ல எனக்கு. சத்தியமா இல்ல. கொட்டகலையில எறங்கிருங்க. நான் வந்து கூட்டிக்கிட்டு வர்றேன்."

"அவனுக்குத் தெரிய வேணாம் பாப்பா," என்றார் அப்பா. "அவன்கிட்ட மட்டும் சொல்லிராத. அந்த நாயி தெனம் சாயங்காலம் பஸ் வர்ற நேரம் அவன் வருவான்னு ரோட்டப் பாத்துக்கிட்டு... என்னால அதப் பாக்க முடியல..."

சுரங்கம் வந்திருக்க வேண்டும். லைன் அறுந்துபோனது.

கூட்டம் கலைந்துவிட்டது. மலையிலிருந்து மூடுபனி இறங்கித் தண்டவாளத்தை மூடத் தொடங்கியது. ஷிராணி நாயின் கழுத்துப்பட்டியை மாட்டினாள். இந்தத் தடவை அது விலகிப்போகவில்லை.

கையிலிருந்த போன் அதிர்ந்தது. அப்பாதான் என்று அவசரமாகப் பார்த்தாள். கத்தாரிலிருந்து வீடியோ கோல். திரையில் ஜெனுஷனின் சிரித்த படம்.

எடுக்காமல் விட்டுவிடலாம். வேலையாக இருந்தேன் என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். அவள் விரல் திரைக்கு மேலே நின்றது. பிறகு பச்சையைத் தொட்டாள்.

"அக்கா! எங்க நிக்கிற, ஸ்டேசன்லயா? சுட்டி எங்கக்கா?"

குரலைக் கேட்டதும் சுட்டி துள்ளி எழுந்து போனுக்குப் பின்னால் போய்த் தேடியது. அங்கே யாரும் இல்லாததால் திரும்ப முன்னால் வந்தது. ஜெனுஷன் அங்கே சிரிப்பதும் கண்ணைத் துடைப்பதும் தெரிந்தது. ஷிராணி போனைத் தாழ்த்தி நாயின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"இங்கதான்டா இருக்கு," என்றாள். "நல்லாத்தான் இருக்கு."

"டேய் சுட்டி, என்னாடா இளைச்சிட்ட?" கொஞ்ச நேரம் அவன் நாயோடு பேசினான். பிறகு நிமிர்ந்து, அக்காவின் கிழிந்த சாரியையும் பக்கத்து வெற்று வாங்கையும் பார்த்தான். சிரிப்பு நின்றது.

"அக்கா, அப்பா எங்க?"